நடுப்பாத மூட்டுக் காயம்: கண்டுபிடிப்பது முதல் மீண்டும் நடப்பது வரை முழுமையான வழிகாட்டி

பாதம் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது சுளுக்குதான். கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கும், கொஞ்ச நாள் நொண்டுவார்கள், அப்புறம் மறந்தும் விடுவார்கள். ஆனால் வலி கணுக்காலில் இல்லாமல் ஷூ நாடா கட்டும் இடத்தில், புறங்காலின் நடுவில் இருந்தால் விஷயம் வேறு. அங்கே எலும்புகளைப் பிணைக்கும் ஒரு நார் (லிகமென்ட்) கிழிந்திருந்தாலும் படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'எலும்பு உடையவில்லை, சுளுக்குதான்' என்று அனுப்பிவிடுவார்கள். சில மாதம் கழித்து அதே ஆள் பாத வளைவு இறங்கி, மூட்டு தேயத் தொடங்கிய நிலையில் திரும்பி வருவார். இந்தக் காயங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பார்வையில் தவறிப்போகிறது என்பது எலும்பு மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கப் போகிறேன். எடை தாங்கி நிற்கும் நிலையில் பார்க்காதவரை நடுப்பாதக் காயத்தைச் சுளுக்கு என்று தீர்மானிக்கக் கூடாது. மருத்துவ மாணவர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், காயம்பட்டவர்கள் மூன்று பேரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். காயம்பட்டவர் இதைப் படித்துத் தனக்குத் தானே வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் மூட்டைத் தெரிந்துகொள்வோம்

நடுப்பாதத்தில் ஐந்து எலும்புகள் உண்டு: நேவிகுலர், கியூபாய்டு, மூன்று கியூனிஃபார்ம்கள். இவற்றுக்குப் பின்னால், குதிகால் பக்கம் இருப்பது ஷோபார் மூட்டு. முன்னால், விரல்களுக்குப் போகும் ஐந்து மெட்டாடார்சல் எலும்புகள் வந்து சேருமிடம் லிஸ்ஃபிராங்க் மூட்டு வரிசை. கியூனிஃபார்ம்களையும் மெட்டாடார்சல்களையும் பெருவிரல் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். ஜாக் லிஸ்ஃபிராங்க் (1790–1847) பிரெஞ்சு அறுவை மருத்துவர். இந்த வரிசை வழியாகப் பாதத்தின் முன்பகுதியை அகற்றும் முறையை விவரித்ததால் மூட்டுக்கு அவர் பெயர் நிலைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது மெட்டாடார்சல். அதன் அடிப்பகுதி மற்றவற்றைவிடப் பின்னால் தள்ளி, முதல் கியூனிஃபார்முக்கும் மூன்றாவது கியூனிஃபார்முக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. கல் வளைவின் உச்சியில் மற்றக் கற்களை நெருக்கிப் பிடித்திருக்கும் கல்லுக்கு என்ன வேலையோ, பாதத்தின் குறுக்கு வளைவில் இதற்கு அதே வேலை. இரண்டு முதல் ஐந்து வரையிலான மெட்டாடார்சல்களின் அடிப்பகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்க நார்கள் உண்டு. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் அப்படி ஒன்று இல்லை. அதற்கு ஈடாக, முதல் கியூனிஃபார்மிலிருந்து இரண்டாவது மெட்டாடார்சலின் அடிக்குச் சாய்வாக ஓடும் பலமான லிகமென்ட் ஒன்று இருக்கிறது. லிஸ்ஃபிராங்க் லிகமென்ட் என்பது இதுதான். இது அறுந்தால் பெருவிரல் வரிசையும் மற்ற வரிசைகளும் தனித்தனியே விலக ஆரம்பிக்கும். மூட்டின் மேல்பக்க நார்கள் உள்ளங்கால் பக்க நார்களைவிட மெலிந்தவை. அதனால் மூட்டு விலகும்போது எலும்பு பெரும்பாலும் மேல்நோக்கியே எழும்பும்.

சிகிச்சையைப் புரிந்துகொள்ள இன்னொன்றும் தேவை. பாதத்தை மூன்று பத்திகளாகப் பிரிப்பார்கள். முதல் மெட்டாடார்சல் உள்பத்தி. இரண்டும் மூன்றும் நடுப்பத்தி. நான்கும் ஐந்தும் கியூபாய்டோடு சேரும் வெளிப்பத்தி. உள்பத்தியும் நடுப்பத்தியும் அதிகம் அசையாமல் விறைப்பாக இருக்க வேண்டியவை. வெளிப்பத்தி மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசைந்துகொடுக்க வேண்டியது. அறுவை மேசையில் எடுக்கும் பாதி முடிவுகள் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

படி 1: எப்படி அடிபட்டது என்று கேளுங்கள்

கனமான பொருள் பாதத்தின் மேல் விழுந்தது, வண்டிச் சக்கரம் ஏறியது என்றால் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள். வாகன விபத்தில் பிரேக்கை அழுத்திய நிலையில் மோதியவர்கள், உயரத்திலிருந்து விழுந்தவர்கள் விஷயத்திலும் அப்படித்தான். நழுவிப்போவது சின்ன விபத்துகளில். மாடிப்படியில் கடைசிப் படியைக் கவனிக்காமல் கால் வைத்தது, விளையாட்டில் முன்பாதம் தரையில் ஊன்றி குதிகால் தூக்கியிருக்கும்போது வேறொருவர் அந்தக் குதிகாலின் மேல் விழுந்தது, நடைபாதை ஓரத்தில் முன்பாதம் மாட்டி உடல் முன்னே சாய்ந்தது. இவை எல்லாவற்றிலும் விரல்நுனி கீழ்நோக்கி நீட்டியிருக்கும் பாதத்தின் மேல் உடலின் எடை நேராக இறங்குகிறது. 'கால் உள்பக்கமாகப் புரண்டது' என்று சொன்னால் கணுக்காலை நினையுங்கள். 'பாதம் மடங்கியது' என்று சொன்னால் நடுப்பாதத்தை நினையுங்கள்.

இன்னொரு கேள்வி: அடிபட்ட உடனே நான்கு அடி நடக்க முடிந்ததா? மருத்துவமனைக்கு வந்தபின் முடிகிறதா?

படி 2: காத்திருக்க முடியாதவற்றை முதலில் தேடுங்கள்

எக்ஸ்ரேக்கு அனுப்பும் முன்பே பார்க்க வேண்டியவை சில. தோல் கிழிந்திருக்கிறதா? உள்ளேயிருந்து எலும்பு முட்டித் தோல் வெளுத்திருக்கிறதா? விரல்கள் சில்லென்று இருக்கின்றனவா? புறங்கால் நாடி கிடைக்கிறதா? அந்த ரத்தக்குழாயின் ஒரு கிளை முதல் இரண்டு மெட்டாடார்சல்களின் அடிகளுக்கு நடுவே உள்ளங்காலுக்கு இறங்குவதால், மூட்டு விலகும்போது அதுவும் கிழியலாம்.

நசுங்கிய பாதத்தில் தசை அறைகளுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடலாம். நாடி இருப்பதை வைத்து இந்த ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, வலி மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும் வலி, விரல்களை நாம் மெல்ல மேலே வளைத்தாலே துடிப்பது, விறைத்து இறுகிய பாதம்: இவைதான் அறிகுறிகள். இப்படி இருந்தால் அதே நேரத்தில் எலும்பு அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

படி 3: பாருங்கள், அழுத்துங்கள்

உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்காமல் பரிசோதனை முடிந்துவிட்டது என்று எழுதாதீர்கள். பலரும் புறங்கால் வீக்கத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளங்காலின் நடுவில், வளைவு இருக்கும் இடத்தில், நீலமும் ஊதாவுமாக ரத்தம் கட்டியிருந்தால் வேறு எது எப்படி இருந்தாலும் நடுப்பாத மூட்டுக் காயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட அன்று அது தெரியாமல் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எழும்பலாம். வீட்டுக்கு அனுப்பும் நோயாளியிடம் 'உள்ளங்காலில் நிறம் மாறினால் உடனே வாருங்கள்' என்று சொல்லி அனுப்புவது காசு செலவில்லாத பரிசோதனை.

அடுத்து, ஒரே விரலால் அழுத்துவது. முதல் மெட்டாடார்சலின் மேல்பக்கத்தைத் தடவிக்கொண்டே பின்னால் போனால் எலும்பு சற்று மேடாகி மூட்டுக்கோடு தட்டுப்படும். அங்கிருந்து சிறு விரல் பக்கம் ஒரு விரல் அகலம் நகர்ந்து கொஞ்சம் பின்னால் போனால் இரண்டாவது மூட்டு. கட்டைவிரல் நுனியால் அங்கே மட்டும் அழுத்துங்கள். சுளுக்கு உள்ளவர் முகம் சுளிப்பார். லிஸ்ஃபிராங்க் காயம் உள்ளவர் காலை இழுத்துக்கொள்வார். அப்படியே ஐந்தாவது வரை ஒவ்வொரு மூட்டாகப் போக வேண்டும். நேவிகுலரையும் கியூபாய்டையும் விட்டுவிடாதீர்கள், ஷோபார் காயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு பின்பாதத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் ஒவ்வொரு மெட்டாடார்சலின் முனையையும் மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பியானோ கட்டைச் சோதனை என்று இதற்குப் பெயர். அடியில் வலித்தால் அந்த மூட்டில் காயம். முன்பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி விலக்கும்போது வரும் வலியும் அதையே சொல்லும். நிற்க முடிந்தால், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே மறு பாதத்தைவிட அதிக இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் லேசான காயம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டாவா விதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கணுக்காலிலோ பாதத்திலோ அடிபட்டவருக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவெடுக்க அவை நல்ல விதிகள்; நான்கு அடி நடக்க முடிகிறதா என்பது அவற்றில் ஒரு கேள்வி. ஆனால் பாதத்தில் அவை அழுத்திப் பார்க்கச் சொல்வது நேவிகுலரையும் ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியையும் மட்டும். நான்கு அடி நொண்டி நடந்துவிட்ட ஒருவருக்கு இரண்டாவது மூட்டில் மட்டும் வலி இருந்தால் விதிகள் அவரை எக்ஸ்ரே இல்லாமலே அனுப்பிவிடும். நீங்கள் அனுப்பாதீர்கள்.

படி 4: எக்ஸ்ரே, அதுவும் நிற்க வைத்து

கேட்க வேண்டியது மூன்று கோணம்: நேராக, 30 டிகிரி சாய்வாக, பக்கவாட்டில். நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் எடை தாங்கி நின்ற நிலையில், முடிந்தால் இரண்டு பாதங்களுக்கும். மறு பாதம்தான் அந்த ஆளுக்கான சரியான அளவுகோல்.

நேர்ப்படத்தில் இரண்டாவது மெட்டாடார்சலின் உள்விளிம்பில் ஒரு கோடு வரையுங்கள். அது பின்னால் போய் நடு கியூனிஃபார்மின் உள்விளிம்போடு ஒரே கோடாகச் சேர வேண்டும். சாய்வுப் படத்தில் நான்காவதின் உள்விளிம்பு கியூபாய்டின் உள்விளிம்போடு சேர வேண்டும். பக்கவாட்டில் எந்த மெட்டாடார்சலும் கியூனிஃபார்மைவிட மேலே படி போல எழும்பி நிற்கக் கூடாது. முதல் கியூனிஃபார்முக்கும் இரண்டாவது மெட்டாடார்சலின் அடிக்கும் இடையிலான இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது மறு பாதத்தைவிடத் தெளிவாக அகன்றிருந்தால், மூட்டு நிலையாக இல்லை. அந்த இடைவெளிக்குள் கடுகளவு எலும்புத் துணுக்கு மிதப்பதைப் பார்த்தால் நார் தன்னோடு எலும்பையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். மங்கலாக இருக்கும், தேடினால்தான் கிடைக்கும்.

அடிபட்ட அன்று வலியில் நிற்க முடியாது என்பார்கள். நியாயம்தான். கட்டாயப்படுத்தி அரைகுறையாக நிற்க வைத்தால் எடை முழுக்க நல்ல காலில் போய்விடும், படமும் பொய் சொல்லும். கட்டுப் போட்டு, எடை வைக்காமல் வைத்திருந்து, 10 முதல் 14 நாளில் திரும்ப வரவழைத்து நிற்க வைத்து எடுங்கள். அந்த இரண்டாவது படம் இல்லாமல் அவருடைய மருத்துவக் கோப்பை மூடக் கூடாது.

படி 5: ஸ்கேன் எப்போது

எக்ஸ்ரேயில் முறிவோ விலகலோ தெரிந்தால் சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேயில் ஒன்றாகத் தெரிவது சி.டி.யில் நாலைந்து முறிவாக இருப்பது சகஜம், அறுவைத் திட்டமும் அதை வைத்துத்தான் போட வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் பரிசோதனை சந்தேகம் தந்தால் எம்.ஆர்.ஐ. நார் கிழிந்ததை அது நன்றாகக் காட்டும். ஆனால் கிழிந்த நார் மூட்டைத் தாங்குமா தாங்காதா என்பதைப் படுத்த நிலையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யால் சொல்ல முடியாது. நின்றபடி சி.டி. எடுக்கும் கருவி இருக்குமிடத்தில் அது பெரிய வசதி. அதன்பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், மயக்கம் கொடுத்து முன்பாதத்தை விலக்கிப் பார்த்து, நேரடி எக்ஸ்ரே திரையில் மூட்டு திறக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

நீரிழிவு உள்ளவருக்கு, சொல்லும்படியான அடி எதுவும் இல்லாமல் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலி மட்டும் குறைவாக இருந்தால் ஷார்கோ பாதத்தை (நரம்புகள் பழுதாகி உணர்ச்சி மங்கிய பாதத்தில் எலும்பும் மூட்டும் சிதையும் நோய்) நினையுங்கள். எக்ஸ்ரே அச்சு அசலாக லிஸ்ஃபிராங்க் விலகல் போலவே இருக்கும். சிகிச்சை முற்றிலும் வேறு.

படி 6: நிலையாக இருக்கிறதா, இல்லையா

வகைப்பாடுகள் நிறைய உண்டு. 1909இல் கெனுவும் குஸ்ஸும் போட்ட பிரிவு, 1986இல் மையர்சன் திருத்தியது, விளையாட்டு வீரர்களின் லேசான காயங்களுக்காக 2002இல் நன்லியும் வெர்டுல்லோவும் சொன்ன மூன்று கட்டங்கள். தேர்வில் கேட்பார்கள், படித்து வையுங்கள். நோயாளி விஷயத்தில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: எடை வைத்தால் மூட்டு விலகுகிறதா? விலகவில்லை, பாத வளைவும் இறங்கவில்லை என்றால் அறுவை வேண்டாம். விலகினால், வயதும் உடல்நிலையும் இடம் கொடுத்தால், அறுவை. 'கொஞ்சம்தானே விலகியிருக்கிறது, மாவுக்கட்டு போட்டுப் பார்ப்போம்' என்ற நடுவழிதான் பிற்காலத்தில் அதிகம் வருத்தம் தருவது. மாவுக்கட்டுக்குள் வீக்கம் வடிந்ததும் கட்டு தளரும், மூட்டு மறுபடி நழுவும்.

படி 7: அறுவை இல்லாத வழி

முதல் சில நாள் காலை இதயத்தைவிட உயரத்தில் வைத்திருப்பது, துணி சுற்றிய ஐஸ், வலி மருந்து. நீவி விடுவது, உருவி விடுவது எதுவும் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு அல்லது வாக்கர் பூட் (பாதத்தை அசையாமல் பிடிக்கும், கழற்றி மாட்டக்கூடிய பூட்), ஊன்றுகோல், ஏறக்குறைய 6 வாரம். இந்தக் காலத்தில் எடை வைக்கவே கூடாது என்பவர்களும் உண்டு, பூட்டோடு வலி அனுமதிக்கும் அளவு வைக்கலாம் என்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் இரண்டாவது வாரத்தில் நின்று எடுக்கும் எக்ஸ்ரேயைத் தவிர்க்க முடியாது. அதில் விலகல் தெரிந்தால் திட்டம் மாறும். 6 வாரத்தில் அழுத்தினால் வலி இல்லை என்றால் பூட்டோடு நடை, அப்புறம் பாத வளைவைத் தாங்கும் இன்சோலோடு விறைப்பான அடியுள்ள ஷூ. வலி இருந்தால் இன்னும் சில வாரம் பூட்.

படி 8: அறுவை

திறந்த காயம், தசை அறை அழுத்தம், ரத்த ஓட்டத் தடை, தோலை முட்டும் விலகல்: இவை அவசரம். மற்றதெல்லாம் வீக்கம் வடியும்வரை காத்திருக்கும். புறங்கால் தோலில் மறுபடி சுருக்கம் விழ வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். நோயாளியும் குடும்பத்தாரும் 'ஏன் தாமதிக்கிறீர்கள்' என்று கேட்பார்கள். வீங்கிய தோலில் கத்தி வைத்தால் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும் என்று பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். அதுவரை மூட்டு தானாக நிற்கவில்லை என்றால் கம்பிகளாலோ வெளிப்புறச் சட்டத்தாலோ தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள்.

அறுவையில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போவது வழக்கம். முதல் மூட்டைச் சரியாக உட்கார வைத்து, பிறகு முதல் கியூனிஃபார்மிலிருந்து இரண்டாவது மெட்டாடார்சலுக்கு அந்த லிகமென்ட் ஓடும் பாதையிலேயே ஒரு ஸ்க்ரூ, அடுத்து மூன்றாவது மூட்டு. ஸ்க்ரூவை மூட்டுக்குள் செலுத்தினால் குருத்தெலும்பைத் துளைக்கும். அதைத் தவிர்க்க மூட்டின் மேல் பாலம் போலப் பிளேட் வைப்பவர்களும் உண்டு. வெளிப்பத்தியைக் கம்பியால் மட்டும் பிடித்து, 6 வாரம் வாக்கில் எடுத்துவிடுவார்கள். அது அசைய வேண்டிய பத்தி என்று முன்பே பார்த்தோம். கியூபாய்டு நசுங்கிச் சுருங்கியிருந்தால் வெளிப்பத்தியின் நீளத்தை மீட்டுத்தர வேண்டும். இல்லாவிட்டால் முன்பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும்.

மூட்டைச் சரிசெய்து காப்பாற்றுவதா, முதலிலேயே மூட்டின் எலும்புகளை ஒன்றாக ஒட்டவைத்து நிரந்தரமாக இணைத்துவிடுவதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2006இல் லை, கூட்சி வெளியிட்ட ஆய்வில், நார் மட்டும் அறுந்த காயங்களில் உள் மற்றும் நடுப்பத்தி மூட்டுகளை இணைத்தவர்கள் மேலாக இருந்தார்கள். 2009இல் ஹென்னிங் குழுவின் ஆய்வில் செயல்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் மூட்டைக் காப்பாற்றியவர்களுக்கு ஸ்க்ரூ எடுக்க இரண்டாவது அறுவை அதிகம் தேவைப்பட்டது. என் சாய்வு இது: எலும்பு முறிந்து, துண்டுகள் பெரிதாக இருந்தால் மூட்டைச் சரிசெய்யலாம், எலும்பு ஒட்டும். நார் மட்டும் முழுக்க அறுந்திருந்தாலோ, குருத்தெலும்பு நொறுங்கியிருந்தாலோ இணைப்பதே மேல். அந்த மூட்டுகள் முன்பும் அதிகம் அசையவில்லை, இழப்பு அதிகம் இல்லை. எதைச் செய்தாலும் எலும்புகள் அவற்றின் சொந்த இடத்தில் துல்லியமாக உட்கார்ந்தனவா என்பதுதான் பலனை அதிகம் தீர்மானிக்கிறது.

படி 9: அறுவைக்குப் பின்

முதல் 2 வாரம் கால் உயரத்தில். தையல் பிரித்தபின் பூட் அல்லது மாவுக்கட்டு, எடை வைக்காமல் 6 முதல் 8 வாரம் வரை. அந்த நாட்களில் விரல்களையும், பூட்டைக் கழற்ற அனுமதி உண்டென்றால் கணுக்காலையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்து பூட்டோடு எடையைப் படிப்படியாகக் கூட்டி, 3 மாதம் வாக்கில் ஷூ. ஓட்டமும் குதிப்பும் பெரும்பாலும் 6 மாதத்துக்குப் பிறகு. சிலருக்கு ஒரு வருடம் ஆகும். புகைபிடிப்பவர்கள் நிறுத்த இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, இணைத்த எலும்பு ஒட்டுவது புகையால் தாமதப்படும்.

'ஸ்க்ரூவை எடுத்தே ஆக வேண்டுமா?' என்று கட்டாயம் கேட்பார்கள். மூட்டை இணைத்தவருக்கு உறுத்தாதவரை தேவையில்லை. மூட்டைக் காப்பாற்றியவருக்குப் பலரும் சில மாதம் கழித்து எடுக்கிறார்கள், விட்டால் உடையக்கூடும் என்பதால். உடைந்த ஸ்க்ரூ எல்லாருக்கும் வலி தருவதில்லை என்பதும் உண்மை.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குத் தேய்மானம் வரும். காலை எழுந்ததும் விறைப்பு, நீண்ட நடைக்குப் பிறகு புறங்காலில் வலி, மேலே எலும்பு மேடு. விறைப்பான, முன்பக்கம் உருண்டு எழும்பும் அடியுள்ள ஷூவும், கார்பன் தகடு வைத்த இன்சோலும் முதல் முயற்சி. போதாவிட்டால் வலிக்கும் மூட்டை இணைக்கலாம். எந்த மூட்டு என்பதுதான் சிக்கல், ஏனென்றால் ஒன்றோடொன்று ஒட்டிய மூட்டுகளில் வலியைப் பிரித்துக் காட்ட நோயாளியால் முடியாது. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே சந்தேகப்படும் ஒரு மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகும் மருந்தைச் சிறிதளவு செலுத்துவார்கள். அளவு கூடினால் பக்கத்து மூட்டுக்குள் கசிந்து குழப்பும். ஊசி போட்டதும் நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். வலி போயிருந்தால் இணைக்க வேண்டியது அந்த மூட்டைத்தான். போகவில்லை என்றால் வேறொரு நாள் அடுத்த மூட்டில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும்.